செல்வத்துக்கு: முழங்காலும் புது ஷூவும்

அன்புள்ள செல்வம்,

பெண்ணுக்கு நிச்சயம் முடிந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாப்பிள்ளை வீடு திருப்பூர் என்பதால் உனக்கு அலைச்சலும் இல்லை. இங்கே அம்மா சுகம். காதுதான் இன்னும் மந்தமாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் கத்திப் பேசப் பழகிவிட்டோம்.

இனி உன் முழங்கால். ஓடினால் வலிக்கிறது, தடித்த சோல் ஷூ வாங்கவா, இல்லை வெறுங்காலோடு ஓடவா என்று கேட்டிருக்கிறாய். தார்ச்சாலையில் ஓடி ஓடி மூட்டு தேய்ந்துவிட்டது என்கிறாராமே உன் மைத்துனர்? அவரிடம் இதைச் சொல். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் வந்த கணக்குப்படி, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் உடம்புக்காக ஓடுகிறவர்களிடம் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் 10.2. போட்டிகளுக்கென்றே ஓடுகிறவர்களிடம் 13.3. மூட்டு ஏற்கெனவே கெட்டவனும் ஓடாமல் உட்கார்ந்திருப்பான், அதனால் ஓட்டம்தான் மூட்டைக் காக்கிறது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீயும் நானும் மெடலுக்கு ஓடுகிற ஆட்கள் இல்லையே!

ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விசை தரையிலிருந்து திரும்புகிறது. தரை கல்லாக இருந்தால் அதெல்லாம் முழங்காலில்தான் இடிக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். 1990களின் கடைசியில் கலிபோர்னியாவில் பெர்ரிஸ், பார்லி என்ற ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். தரை மெத்தென்று இருந்தால் கால் விறைத்துக்கொள்கிறது. கெட்டியாக இருந்தால் தளர்ந்து கொடுக்கிறது. தரை மாறும்போது முதல் அடியிலேயே இது நடந்துவிடுகிறது. இல்லாத கடைசிப் படியை இருக்கிறதென்று நினைத்துக் கால் வைத்தால் உடம்பே குலுங்குமே, அது கால் தப்பாகத் தயாரானதால் வருவது.

நீ கேட்ட தடித்த சோல் ஷூவிலும் இதே கதைதான். அப்படிப்பட்ட ஷூவில் வேகமாக ஓடினால் கால் விறைத்து, அதிர்ச்சி சாதாரண ஷூவைவிடக் கூடுவதாக 2018-இல் ஒரு ஆய்வு சொன்னது. ஆனால் 2020-இல் லக்சம்பர்க்கில் 800 பேருக்கு மேல் பார்க்க ஒன்றுபோல் இருக்கும் ஷூக்களைக் கொடுத்து, எது மெத்து, எது கெட்டி என்று சொல்லாமல் ஓடவிட்டபோது, கெட்டி ஷூ போட்டவர்களுக்குத்தான் காயம் அதிகம். அதனால் கொஞ்சம் மெத்து நல்லது என்பது என் கட்சி. கட்டில்போல் தடித்த ஷூவுக்குக் காசு கொட்டாதே.

வெறுங்காலோடு ஓடும் யோசனைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வெறுங்காலில் பழகியவர்களில் பலர் குதிகாலில் விழாமல் முன்பாதத்தில் இறங்குவதை 2010-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் லீபர்மன் கென்யாவில் பார்த்து எழுதினார். முதல் இடி குறைகிறது, முழங்காலுக்கும் சுமை குறைகிறது. அந்தச் சுமை எங்கே போகும்? கெண்டைக்காலுக்கும், குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணுக்கும்தான். மெல்லிய ஷூவுக்கு மாறி 10 வாரம் ஓடியவர்களில் பாதிப் பேருக்கு மேல் பாத எலும்புக்குள் வீக்கம் கண்டிருந்தது. எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஓடி மாரத்தான் தங்கம் வாங்கினார், சரி. 1964-இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி இன்னும் வேகமாக ஜெயித்தாரே, அதை யாரும் சொல்வதில்லை!

மணல் இன்னொரு வம்பு. எங்கள் எலியட்ஸ் கடற்கரைக் காய்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைப்போல் 1.6 மடங்கு சக்தி வேண்டும். குதிகால் புதைந்து கெண்டைக்கால் கெஞ்சும். அலையோர ஈர மணல் கெட்டி, ஆனால் சரிவு. ஒரு கால் எப்போதும் பள்ளத்தில்.

எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். தீபாவளிக்குப் பிறகு 4 கிலோமீட்டரிலிருந்து ஒரே தாவாக 10-க்குப் போனேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். ரேஸ்கோர்ஸையும் எப்போதும் ஒரே திசையில்தான் சுற்றுகிறாய், சாலை ஓரச் சரிவில். இரண்டு வாரம் பழைய 4-க்கே இறங்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் எதிர்த் திசையில் சுற்று. முழங்கால் வீங்கினாலோ, படி இறங்கும்போது மடங்கினாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போ, மைத்துனரிடம் போகாதே.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வருகிறோம். அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு அறை பார்த்து வை. மண்டபத்தில் பந்தி விசாரிப்பது நான்தான், இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
ராகவன்