முதலாம் பாகம் இருக்கோ?

யாழ்ப்பாணம்
புரட்டாதி 12

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. நீ கேள்விப்பட்டது சரிதான். கஸ்தூரியார் வீதிப் பக்கத்து ஒழுங்கையில், துப்பறியும் கதை மட்டும் வைத்து விற்றும் இரவல் கொடுத்தும் நடந்த அந்தக் கடை இந்த மாதத்தோடு பூட்டுது. பெயர்ப்பலகை இறக்கியாச்சு, உள்ளே றாக்கைகள் மட்டும் அப்படியே நிற்குது. ஐப்பசி மழை தொடங்க முதல் எல்லாம் பெட்டிக்குள் போய்விட வேண்டும். அதனால்தான் கடிதம் நீளமாகவும் அவசரமாகவும் வருகுது, கோபிக்காதே.

போன் வந்துதான் எல்லாம் போச்சு என்று எழுதியிருக்கிறாய். அதை நான் அரைவாசிதான் ஒத்துக்கொள்வேன். உன்னுடைய லண்டனையே எடு. 1988இல் மக்சிம் ஜாகுபவ்ஸ்கி தொடங்கின 'மேர்டர் வண்' துப்பறியும் புத்தகக்கடை சாரிங் குரொஸ் வீதியில் 2009 ஜனவரியில் பூட்டியது. கிண்டில் என்கிற மின்நூல் கருவி உங்கள் பக்கம் வந்ததே அதற்குப் பிறகுதான். நியூயோர்க்கில் 1972இல் தொடங்கின 'மேர்டர் இங்க்' அதற்கும் முந்தி, 2006 முடிவோடு போய்விட்டது. உங்களிடத்தில் 1900இல் இருந்து புத்தகத்துக்கு ஒரே விலை என்று ஓர் ஒப்பந்தம் இருந்தது, அது 1995இல் உடைந்தது. பிறகு சுப்பர்மார்க்கெற்காரன் புதுப் புத்தகத்தை அரைவிலைக்கு அடுக்கினான். புதுசில் வருகிற காசு அவனுக்குப் போக, தனிக்கடைக்காரனிடம் பழசுதான் மிஞ்சியது.

இந்த வகைக் கடையின் உயிரும் பழசுதான், நோயும் பழசுதான். வாசகன் ஒருவன் ஒரு துப்பறிவாளனின் எட்டாவது கதையைத் தற்செயலாக வாசித்துப் பிடித்துப்போனால், அடுத்த நாள் வந்து கேட்கிறது ஒன்பதாவதை இல்லை, "முதலாம் பாகம் இருக்கோ அண்ணை?" என்றுதான். அந்த முதலாவதை எப்போதும் றாக்கையில் வைத்திருக்க வேணும். வருசத்துக்கு ஒரு தரம்தான் கேட்பார்கள். ஆனால் அது இல்லாவிட்டால் பன்னிரண்டு புத்தகத் தொடரில் மற்றப் பதினொன்றும் அசையாது. மளிகைக் கடையில் ஒரு சாமான் முடிந்தால் அந்தச் சாமான்தான் விற்காது. இங்கே ஒன்று முடிந்தால் ஒரு தட்டே படுத்துவிடும். பொதுப் புத்தகக்கடைக்கு இந்தத் தலையிடி இல்லை, கொப்பி, பேனை, பாடநூல் அதைத் தாங்கிப் பிடிக்கும்.

இன்னொன்றும் இருக்கு. கொலைகாரன் ஆரென்று தெரிந்த பிறகு அந்தப் புத்தகத்தை ஆர் வீட்டில் வைத்திருப்பான்? அதனால்தான் எங்கள் ஆட்களுக்கு இது எப்போதும் இரவல் சாமான். இந்தியாவில் 100 ரூபா விலை போட்ட புத்தகத்தை எடு. 2021இல் நாணய மாற்று மட்டும் பார்த்தால் எங்கள் காசில் ஏறக்குறைய 270. ஏற்றுக்கூலி வேறு. வழக்கமான இரவல் கூலி விலையில் பத்தில் ஒன்று, முப்பது ரூபா என்று வை. ஒன்பது கை மாறினால் போட்ட காசு வந்துவிடும். நியூஸ்பிரின்ற் புத்தகம் இருபது கைக்குமேல் தாங்காது, ஆகவே மிச்சப் பதினொரு கைதான் வாடகை, கரண்ட், சாப்பாடு எல்லாம். 2022இல் டொலர் 360ஐத் தாண்டினபோது அதே புத்தகம் 460க்கு வந்து நின்றது. கூலியை நாற்பத்தாறாக்கினால் ஆர் எடுப்பார்கள்? கடைக்கார அண்ணை முப்பதிலேயே விட்டார். பதினாறு கை வேணும், மிச்சம் நாலு கை. 2024 ஜனவரியில் வற் என்கிற பெறுமதி சேர் வரி 18 வீதமானபோது புத்தகமும் அதற்குள் வந்தது, அந்த நாலிலும் வெட்டு விழுந்தது. புதுசு எடுக்கிறதை நிறுத்தினார். புதுசு வராத கடைக்கு இளம் ஆட்கள் வரமாட்டார்கள், அந்த இடத்தில்தான் உன்னுடைய போன் வருகுது.

நியூயோர்க்கில் 1979இல் தொடங்கின 'மிஸ்டீரியஸ் புக்ஷொப்' இன்னும் நிற்குதே என்று நீ கேட்பாய். அவர்கள் எழுத்தாளரின் கையெழுத்துப் போட்ட முதற் பதிப்பைச் சேகரிக்கிறவர்களுக்கு அனுப்புகிறார்கள், தாங்களே பதிப்பிக்கவும் செய்கிறார்கள். ஒருதரம் வாசித்து எறிகிற சாமானை வைத்திருக்கிற சாமானாக மாற்றினார்கள். எங்கள் மாத நாவலுக்கு முதற் பதிப்புத்தான் அநேகமாக ஒரே பதிப்பு, ஆனால் அதைச் சேகரிக்கலாம் என்று ஆரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் இவ்வளவு புத்தகம் கச்சான் கடலைச் சுருளுக்குப் போயிருக்காது.

சரி, நீயும் உன் கூட்டாளிகளும் கொஞ்சம் எடுக்கலாமா என்று கேட்டாய். எடுங்கள், ஆனால் ஒரு நிபந்தனை. ஒருவர் ஒரு தொடரை முழுதாக எடுக்க வேண்டும். "அட்டை வடிவாயிருக்கிறதை மட்டும் அனுப்பு" என்று தயவுசெய்து எழுதாதே. கொழும்பில் இருந்து வந்த ஒருவர் அப்படித்தான் பொறுக்கினார். அட்டைப்படம் நல்லதாகப் பதினெட்டை எடுத்துக்கொண்டு போக, ஆறு தொடர் பல் விழுந்த சீப்பு மாதிரி நிற்குது. மிச்சத்தை இனி நிறுத்துப் போடத்தான் வேணும்.

தரம் பிரிக்கிற முறையைச் சொல்கிறேன். முதலில் கதாநாயகத் துப்பறிவாளன் பெயரால் குவி, எழுத்தாளர் பெயரால் அல்ல. ஒரே எழுத்தாளருக்கு இரண்டு மூன்று துப்பறிவாளர் இருப்பார்கள், வாசகன் தேடுவது அவர்களைத்தான். பிறகு மாதமும் வருசமும் பார்த்து அடுக்கு. மாத நாவலில் திகதி அட்டையில் சின்னனாக இருக்கும், அட்டை போயிருந்தால் உள்ளே முதற் தாளின் அடியில் பார். சிலது இரண்டு மாதமாக வந்தவை, முதல் மாதத்தில் கொலை, மற்ற மாதத்தில் ஆள் பிடிபடுவது. அந்த இரண்டையும் நூலால் சேர்த்துக் கட்டிவிடு, இல்லாவிட்டால் பெட்டி மாறும்.

அடுத்தது கடைசி நாலு தாள். மற்றப் புத்தகத்துக்கு நடுவில் ஒரு தாள் போனால் சமாளிக்கலாம், இதற்குக் கடைசித் தாள் போனால் வெறும் கடதாசி. நடுவால் கம்பி அடித்த மெல்லிய புத்தகத்தில் கடைசித் தாள் கழன்றால் அதன் சோடியான முதற் தாளும் ஆடும், தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். பக்கவாட்டில் குத்தி அடித்த தடிச்ச புத்தகத்தில் அப்படித் தெரியாது, பக்க எண்ணைப் பார்க்கத்தான் வேண்டும். முதற் பக்கத்தின் மேற்பக்கமும் பார். எங்கள் ஊரில் ஒரு புண்ணியவான், ஆரென்று இன்றைக்கும் தெரியாது, "டாக்டர்தான் செய்தது" என்று நீல மையால் எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். ஒரே கையெழுத்தில் பதினாலு புத்தகம் கண்டேன். பென்சில் என்றால் மெதுவாக அழிக்கலாம். மை என்றால் விட்டுவிடு, நியூஸ்பிரின்றில் தேய்த்தால் ஓட்டைதான் மிஞ்சும்.

துருப்பிடித்த கம்பியை இழுக்காதே. பின்பக்கம் மடிந்த இரண்டு காலையும் மொட்டைக் கத்தியால் நிமிர்த்தி, முன்பக்கத்தால் தூக்கு. அதே துளையால் பருத்தி நூல் போட்டுத் தை, முடிச்சை உள்ளுக்கு விடு. செலோரேப் வேண்டவே வேண்டாம். ஐந்து வருசத்தில் பசை மஞ்சளாகி மறுபக்க எழுத்தையும் தின்னும். கிழிந்த இடத்துக்கு மெல்லிய கடதாசியும் கோதுமை மாப் பசையும் போதும். பழைய பைண்டிங்காரர் பூச்சிக்கென்று பசைக்குள் துருசு கலப்பார்கள். பூச்சி வராதது உண்மைதான், ஆனால் செம்பு உப்பு காலப்போக்கில் தாளை உக்க வைக்கும். பச்சை ஓரம் தெரிகிற பைண்டிங்கைத் தனியாக வை.

வெயிலில் காயப்போடுகிற புத்தி இங்கே எல்லாருக்கும் இருக்கு. நியூஸ்பிரின்ற் மரக்கூழ்க் கடதாசி, வெயில் பட்டால் ஒரே நாளில் நிறம் மாறும், பிறகு அப்பளம் மாதிரி நொறுங்கும். இராமபாணப் பூச்சிக்கும் வண்டுக்கும் குளிர்தான் மருந்து. பொலித்தீன் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி ஒட்டி, மைனஸ் 18 பாகை டீப் பிறீசரில் இரண்டு கிழமை. வெளியே எடுத்து ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக்கூடாது, திறந்தால் வியர்வை மாதிரித் தண்ணீர் தாளில் பிடிக்கும். இடையில் நெடுநேரம் கரண்ட் போனால் கணக்கை முதலில் இருந்து தொடங்க வேண்டும். பூச்சி இல்லாத பெட்டியைப் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றாதே. மழைக்காலத்தில் உள்ளே ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும்.

போர்க்காலத்தில் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து வந்த புத்தகங்களும் கொஞ்சம் இருக்கு. அடியில் மண்ணிற அலைக்கோடு தெரியும். அது உப்புத் தண்ணீர்க் கறை. எவ்வளவு காயவைத்தாலும் உப்பு திரும்பத் திரும்ப ஈரத்தை இழுக்கும். அவற்றை நல்ல புத்தகங்களோடு ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது. எறியவும் மனம் வரவில்லை, வேறு பெட்டியில் போட்டிருக்கிறேன்.

என்னைக் கேட்டால், கடையிலேயே விலைமதிப்பானது நாவல் இல்லை, வாரப் பத்திரிகையில் இருந்து வெட்டிப் பைண்ட் பண்ணின தொடர்கதைதான். கதை பிறகு புத்தகமாக வந்திருக்கும், ஆனால் ஒவ்வொரு கிழமையும் போட்ட ஓவியம் அதில் இருக்காது. வாங்கும்போது அத்தியாய எண்ணை ஒன்று ஒன்றாக எண்ணிப் பார். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பத்திரிகை வராத கிழமைகள் இருக்கு. ஒரு பைண்டிங்கில் 22க்குப் பிறகு அச்சுத்தாள் இல்லை, கோடுபோட்ட கொப்பித் தாள் மூன்று. ஆரோ 23ஆம் அத்தியாயத்தைக் கையால் பார்த்து எழுதித் தைத்திருக்கிறார்கள். ஓவியம் வரவேண்டிய இடத்தில் பெட்டி கீறி, "கார், மழை, ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள்" என்று எழுதியிருக்கு. அதை எவ்வளவு தந்தாலும் விற்க விடமாட்டேன் என்று அண்ணையிடம் சொல்லிப்போட்டேன். நல்ல ஸ்கான் ஒன்று எடுத்து அனுப்புகிறேன்.

எங்கள் நாட்டிலேயே அச்சான துப்பறியும் கதைகளைப் பிரித்து வைத்திருக்கிறேன், எழுபதுகளில் வீரகேசரிப் பிரசுரமாக நாவல்கள் வந்த காலத்தை ஒட்டியவை. அவை உனக்கு இல்லை. ஈழத்து நூல்களை ஸ்கான் பண்ணிச் சேர்த்து வைக்கிற நூலகம் நிறுவனத்தின் இணையத்தில் எவை ஏற்கெனவே இருக்கென்று பார்த்து, இல்லாதவற்றை ஸ்கான் பண்ணக் கொடுக்க வேண்டும். இந்தியப் புத்தகத்துக்கு எங்காவது இன்னொரு பிரதி கிடக்கும், இவற்றுக்கு இதுவே கடைசியாகவும் இருக்கலாம்.

நிறை: நூறு பக்க மாத நாவல் ஏறக்குறைய 60 கிராம். இருநூறு போட்டால் 12 கிலோ, ஒரு பெட்டிக்கு அதற்குமேல் வேண்டாம், மட்டைப்பெட்டியின் அடி கிழியும். படுக்கவைத்து அடுக்கவேணும், நிமிர்த்தி வைத்தால் முதுகு வளையும். தொடருக்குத் தொடர் வெள்ளைக் கடதாசியால் சுற்றி, வெளியே பென்சிலால் எண்ணிக்கை எழுதியிருக்கும். பழைய பேப்பரால் சுற்றவில்லை, மை ஒட்டும். விலை எல்லாத்துக்கும் ஒரே கணக்கு, முழுத்தொடர் என்றால் ஒன்றுக்கு நூறு ரூபா. உதிரியாக எடுத்தால் இரண்டு மடங்கு, அதைச் சொன்னது நான்தான், அண்ணை இல்லை.

கடைசியாக இரவல் கொப்பிகள். ஆளுக்கு ஒரு பக்கம், எடுத்த புத்தக எண், திகதி, பக்கத்தில் அண்ணையின் சின்னக் குறிப்பு: 'பேய் வேண்டாம்', 'நீதிமன்றம் பிடிக்கும்', 'முடிவை முதலில் பார்க்கிறவர்'. எரிக்கப் போகிறார். ஆட்களின் பெயர் இருக்கு, எரிக்கிறது நியாயம்தான். பெயர் எழுதின மேல்துண்டை மட்டும் வெட்டிப்போட்டு மிச்சத்தைத் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறேன். எந்தக் கதைக்குப் பிறகு எதைத் தேடினார்கள் என்று அதில்தான் இருக்கு.

ஐப்பசி 5க்கு முன்னம் எத்தனை பெட்டி என்று எழுது. ஆரும் வருகிறார்கள் என்றால் ஈரம் இழுக்கிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஐம்பது கொடுத்துவிடு.

உன்னுடைய பக்கத்தையும் பார்த்தேன். திருப்பித் தராதது இரண்டு என்று சிவப்பில் வட்டம் போட்டிருக்கு. ஒன்று போனால் போகட்டும். மற்றது, நீ கேட்ட அந்தப் பன்னிரண்டு புத்தகத் தொடரின் முதலாவது. பதினொன்றுதான் இங்கே இருக்கு. உன் பரணில் தேடிப்பார்.

அன்புடன்,
உன் நண்பன்