அப்பச்சி (அப்பா) வழியையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் சினைப்பைப் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வயிற்று உப்புசம், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிடுவது, அடிக்கடி சிறுநீர் போவது என்று அறிகுறிகளையெல்லாம் சரியாகவே எழுதியிருந்தார்கள். தாய்வழி உறவில் யாருக்காவது இருந்தால் கவனமாக இருக்க வேண்டும் என்ற வரிதான் உறுத்தியது. அந்த வரியை நம்பி மூன்று வருடத்தைத் தொலைத்தவள் நான்.

எனக்கு இப்போது வயது 60. 2020ல் உப்புசம் தொடங்கியபோது ஓமத்தண்ணீரும் கேஸ் மாத்திரையுமாக நான்கு மாதம் ஓட்டினேன். ஸ்கேன் எடுத்தபோது வயிற்றில் நீர் கோத்திருந்தது; நோய் மூன்றாம் கட்டம். மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். "அம்மாவுக்கு, அம்மாவைப் பெற்றவருக்கு, கூடப்பிறந்தவர்களுக்கு யாருக்காவது உண்டா?" என்று கேட்டார்கள். என் ஆத்தா 84 வயது வரை இருந்தார். ஆயா தொண்ணூறைத் தாண்டியவர். எனக்கு அக்கா தங்கை கிடையாது. இல்லை என்றேன். பேச்சு அத்தோடு முடிந்தது. ஆபரேஷன், 21 நாளைக்கு ஒரு தடவை வீதம் ஆறு கீமோ. முடி போய் முடி வந்தது.

2023ல் நோய் திரும்பியது. இந்த முறை வேறொரு மருத்துவர் மரபணுப் பரிசோதனைக்கு எழுதினார். ரத்தம் எடுக்கும் முன் ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்து, காகிதத்தில் எங்கள் குடும்பத்தை வரைந்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு. தாய்ப்பக்கம் முடிந்ததும், "அப்பாவோட பக்கம் சொல்லுங்க அம்மா" என்றாள். அன்றுதான் என்னிடம் ஒருவர் அதைக் கேட்டார்.

அப்பத்தா 46 வயதில் "கர்ப்பப்பைக் கட்டி"யில் போனவர். எங்கள் பக்கம் அடிவயிற்றில் எது வந்தாலும் அதுதான் பெயர். அப்பச்சியின் தங்கை, என் அயித்தை, மார்பில் கட்டி வந்து 41 வயதில் இறந்தார். இரண்டும் எனக்குத் தெரியும்தான். ஆனால் சேர்த்து நினைத்ததே இல்லை. அப்பத்தாவுக்கு, முன்னோரைக் கும்பிடும் எங்கள் வீட்டுப் படைப்பில் சேலை வைத்துக் கும்பிடுவோம். அயித்தையோ கட்டிக்கொடுத்த வீட்டோடு போய்விட்டார். அவருக்குச் சேலை வைப்பது தேவகோட்டையில், அவர்கள் வீட்டில். கோயிலில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாக எண்ணும் புள்ளிக் கணக்கு எத்தனை தலைமுறைக்கும் சுத்தமாக இருக்கிறது. பெண்மக்களின் சாவு மட்டும் வீட்டுக்கு வீடு சிதறிக் கிடக்கிறது. காகிதத்தில் இரண்டு வட்டமும் கறுத்தபோது, நடுவில் வெள்ளையாக நின்ற சதுரம் என் அப்பச்சி. 79 வயது வரை சர்க்கரை நோய்கூட இல்லாமல் இருந்த மனிதர்.

பிஆர்சிஏ-1 மரபணுவில் பழுது என்று முடிவு வந்தது. உயிரணுக்களில் டிஎன்ஏ அறுந்தால் ஒட்டுப்போடும் வேலையைச் செய்யும் மரபணு அது, 1994ல் கண்டுபிடித்தார்கள். 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஒரு பிரதி தாயிடமிருந்தும் இன்னொன்று தகப்பனிடமிருந்தும் வருகிறது. ஆகவே பழுது எந்தப் பக்கமிருந்தும் வரலாம். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழ ஆறேழு பேரில் ஒருவருக்கு பிஆர்சிஏ-1 அல்லது அதைப் போன்ற இன்னொரு மரபணுவான பிஆர்சிஏ-2ல் இப்படிப் பிறவிப் பழுது இருக்கிறது. வீட்டில் யாருக்கும் இல்லை என்று சொல்பவர்களிலும் பலருக்கு இருப்பதால்தான், பரவலாகக் காணப்படும் எபிதீலிய வகை வந்த எல்லோருக்குமே, குடும்ப வரலாறு எப்படி இருந்தாலும், சோதிக்கச் சொல்கிறார்கள்.

முன்பே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் பெரியவன் கேட்டான். ஓலாபரிப் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. நோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டு, பிஆர்சிஏ பழுதும் இருந்து, முதல் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்பட்ட பெண்களுக்கு அதைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். ஏழு வருடம் கழித்து மாத்திரை எடுத்தவர்களில் 67 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தார்கள். ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 46.5 விழுக்காடு. எனக்கு அது இரண்டாம் சுற்றில்தான் கிடைத்தது. சரி, கிடைத்ததே.

பெரியவனுக்கும் அந்தப் பழுது இருக்கிறது. சிங்கப்பூரில் சோதித்துக்கொண்டான். "ஆம்பளைக்கு எதுக்கு இது?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். ஆண்களுக்கும் புராஸ்டேட், கணையம், அபூர்வமாக மார்பிலும் வரலாம். அதைவிட, அவனுக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவள் வளர்ந்து ஒரு மருத்துவர் முன் உட்காரும்போது தாய்வழியை மட்டும் கேட்டால், அவளும் என்னைப் போல இல்லை என்றுதான் சொல்வாள்.

என் கூடப்பிறந்த தம்பி இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை. "ஆச்சி (அக்கா), பிள்ளைக்கு இடம் பார்த்துக்கிட்டிருக்கேன், இப்பப் போய் இதைக் கிளறாதீங்க" என்கிறான். அவன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில் பதினொன்றாவதாக இது வேறா என்பார்கள். ஆனால் சினைப்பைப் புற்றுநோயை முளையிலேயே காட்டித்தரும் நம்பகமான ஸ்கேன் கிடையாது. பிஆர்சிஏ-1 பழுது உள்ள பெண்கள் பிள்ளை பெற்று முடித்தபின் 35லிருந்து 40 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடுவதுதான் இன்றைக்கு இருக்கும் உறுதியான வழி. அதற்கு யாருக்குப் பழுது, யாருக்கு இல்லை என்று தெரிந்தாக வேண்டாமா? இல்லை என்று வந்தால் அந்தப் பெண் நிம்மதியாகப் போகலாம்.

எனக்கு இந்தப் பரிசோதனைக்கு 20 ஆயிரத்துக்கு மேல் ஆனது. கொத்து வேலைக்குப் போகிற வீட்டில் அதற்கு எங்கே போவார்கள்? அரசு மருத்துவமனைகளில் நோய் உறுதியான அன்றே இதையும் இலவசமாகச் செய்துதர வேண்டும். நோயாளியிடம் பழுது இன்னதென்று தெரிந்துவிட்டால், உறவினர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவு குறைவு. உங்கள் பத்திரிகையும் அடுத்த முறை எழுதும்போது தாய்வழி என்ற இடத்தில் இருவழியும் என்று போடுங்கள்.

பெயரைப் போட வேண்டாம். தம்பி மகளுக்கு ஆவணியில் ஓர் இடம் கூடிவரும்போல் இருக்கிறது.

— வாசகி,
பள்ளத்தூர்.