மூக்கைப் பார்த்தாயா என்று கேள்

அன்புள்ள கதிர்,

ஜோகன்னஸ்பர்க்கில் உன்னோடு வேலை பார்ப்பவர் சிங்க வேட்டைக்குக் கூப்பிடுகிறார், "நாங்கள் கட்டும் காசில்தான் காடு பிழைக்கிறது" என்கிறார், நிஜமா என்று கேட்டிருந்தாய். சில இடங்களில் நிஜம்தான்.

பாகிஸ்தானின் வடக்கு மலைகளில் மார்க்கோர் என்று திருகுக் கொம்புக் காட்டாடு உண்டு. வருஷத்துக்குச் சில அனுமதிகள்தான் ஏலத்துக்கு வரும். வயதான கிடாவை மட்டும் சுடலாம். தொகையில் 80 சதவீதம் அந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்குப் போகிறது. ஆடு உயிரோடு இருந்தால்தான் ஊருக்கு வரும்படி என்பதால் திருட்டு வேட்டைக்காரனை ஊரே தடுக்கிறது. 2015இல், அழிவு ஆபத்தை மதிப்பிடும் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் அதன் நிலையே மேம்பட்டது. எனக்கு மனசு ஒப்பாவிட்டாலும் இதைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

சிங்கத்தின் கணக்கு வேறு. கிழட்டு ஆட்டுக்கிடா ஒன்று போனால் மந்தை கலையாது. கூட்டத்தைக் காக்கும் ஆண் சிங்கம் போனால், புதிதாக வரும் ஆண்கள் பழையதன் குட்டிகளைக் கொன்றுவிடும். குட்டி போனால்தான் தாய் சீக்கிரம் இணை சேரும், அதுதான் காரணம். குட்டிகள் தலையெடுக்க ஏறக்குறைய இரண்டு வருஷமாவது வேண்டும். அதனால்தான் தான்சானியாவிலும் மொசாம்பிக்கின் நியாசா வனவிலங்குக் காப்பகத்திலும் ஆறு வயது நிரம்பாத ஆணைச் சுடக்கூடாது என்று வைத்தார்கள்.

வயதை மூக்கில் பார்ப்பார்கள். இளசில் ரோஸ் நிறம். வயது ஏற ஏறக் கரும்புள்ளி விழுந்து பரவும். பாதிக்கு மேல் கறுத்திருந்தால் ஐந்தாறு வயது என்று கொள்ளலாம். பிடரியை மட்டும் நம்பினால் ஏமாறுவோம், இடத்துக்கு இடம் அது மாறும். ஆனால் நடப்பது என்ன? எருமைத் தொடையை மரத்தில் கட்டிவிட்டு மறைவில் காத்திருக்கிறார்கள். சிங்கம் வருவது பெரும்பாலும் அந்தி மங்கலில். அந்த வெளிச்சத்தில் பிடரிதான் தெரியும், மூக்கு தெரியாது. சுட்ட பிறகு மண்டையோட்டில் பல்லைச் சோதித்து, வயது குறைவு என்றால் அடுத்து சுட அனுமதிக்கும் எண்ணிக்கையைக் குறைப்பார்கள். அதற்குள் குட்டிகளின் கதை முடிந்திருக்கும்.

வயது சரியாக இருந்தாலும் போதாது. 2015 ஜூலையில் ஜிம்பாப்வேயில் கொல்லப்பட்ட செசில் என்ற சிங்கத்துக்கு 13 வயது, அந்த விதியில் தேறிவிடும். அதை ஹ்வாங்கே தேசியப் பூங்காவுக்கு வெளியே இரை வைத்து வரவழைத்தார்கள். அம்பு பட்டுப் பல மணி நேரம் உயிரோடு கிடந்தது. கழுத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் மாட்டிய, இருப்பிடம் காட்டும் பட்டை.

நீ இருக்கும் நாட்டில் இதைவிட மட்டமான ஒன்று நடக்கிறது. குட்டியைச் சில நாளிலேயே தாயிடமிருந்து பிரித்துச் சுற்றுலாக்காரர்கள் கையில் பால் புட்டியோடு கொடுப்பார்கள். வளர்ந்ததும் வேலிக்குள் விட்டுச் சுட வைப்பார்கள். எலும்பு ஆசியாவுக்கு ஏற்றுமதி ஆனது. 2017இல் மட்டும் 800 எலும்புக்கூடுகளுக்கு அனுமதி கொடுத்தார்கள், அது செல்லாது என்று 2019இல் நீதிமன்றம் சொன்னது. இதில் எந்தக் காடு பிழைக்கிறது? அப்படி வளர்ந்த சிங்கம் வண்டிச் சத்தம் கேட்டால் ஓடாது, நிமிர்ந்து பார்க்கும். அதற்கு இறைச்சி வருவதே வண்டியில்தானே.

ஆகவே அவரிடம் கேள்: வேலி உண்டா, எத்தனை ஏக்கர்? சிங்கம் அங்கேயே பிறந்ததா, எப்போது கொண்டுவந்து விட்டார்கள்? வயதை யார், எதை வைத்துச் சொன்னார்கள்? காசில் பக்கத்து ஊருக்கு எவ்வளவு, ரசீது உண்டா? முதல் கேள்விக்கே மழுப்பினால் மற்றதைக் கேட்காதே, வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிடு.

அப்பா