மூன்று பேச்சு பேசும் ஒரு குடும்பம்

அன்புள்ள கயல்விழிக்கு,

ஊரிலிருந்து வயதான தாயும் தந்தையும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் ஜப்பானியப் படம் ‘டோக்கியோ ஸ்டோரி’. அதில் யார் யாருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று நீ போட்ட மதிப்பெண் தாளைப் பார்த்தேன். இனப் பன்மைக்குப் பத்துக்கு 0, பெண்களுக்கு 8, முதியவர்களுக்கு 10. நாட்டுப்புறத்தாருக்கு ஒரு கட்டமே இல்லை. சித்தப்பா சண்டைக்கு வந்தது அங்கேதான்.

அந்தச் சுழியத்தை நான் மறுக்கவில்லை. 1953இல் வந்த படம். அப்போது ஜப்பானில் ஏறத்தாழ 6 லட்சம் கொரியர்கள் வாழ்ந்தார்கள். முந்தைய ஆண்டு ஏப்ரலில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானோடு செய்துகொண்ட சமாதான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது அவர்களுடைய ஜப்பானியக் குடியுரிமை போயிற்று. படத்தில் அவர்களில் ஒருவரும் இல்லை. கதை தொடங்கும் ஒனோமிச்சி ஹிரோஷிமா மாகாணத்து ஊர். அணுகுண்டு விழுந்து எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைப் பற்றியும் பேச்சில்லை. இயக்குநர் யசுஜிரோ ஓசு ஊரைவிட்டு நகராதவரா என்றால் அதுவும் இல்லை. சீனாவில் போர்வீரராக இருந்தவர். 1943இல் இந்திய விடுதலைப் போராட்டத்தைப் படமெடுக்கச் சிங்கப்பூருக்கே அனுப்பப்பட்டவர். படம் உருவாகவில்லை. அந்த ஊர்த் தெருக்களில் நம்மவர்கள் அவர் கண்ணில் படாமலா இருந்திருப்பார்கள்?

ஆனால் நீ முகங்களை மட்டும் எண்ணினாய். திரையின் அடியில் ஓடிய மொழிபெயர்ப்பு எழுத்து எல்லோரையும் ஒரே மொழி பேச வைத்துவிட்டது. அந்த வீட்டில் மூன்று பேச்சு இருக்கிறது, கயல். தாயும் தந்தையும் ஒனோமிச்சி வட்டார வழக்கை மண்வாசனையோடு பேசுகிறார்கள். தந்தை ஷூகிச்சியின் வாக்கியங்கள் பல ‘நோ’ என்ற வட்டார அசையோடு இழுத்து முடியும். டோக்கியோவில் மருத்துவராக இருக்கும் மூத்த மகனும் அழகு நிலையம் நடத்தும் மகள் ஷிகேயும் தலைநகரப் பேச்சுக்கு மாறிவிட்டார்கள். ஒசாகாவில் ரயில்வேயில் இருக்கும் கெய்சோவுக்கு ஒசாகா வழக்கு.

இது தெரிந்தபின் ஷிகேயின் கடைக் காட்சியைப் பார். பெற்றோர் உள்ளே வருகிறார்கள். வாடிக்கைக்காரி யார் என்று கேட்கிறாள். ஷிகே கையில் இருக்கும் வேலையை விடாமல், தெரிந்தவர்கள், ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்கிறாள். பெற்ற தாயையும் தந்தையையும்! அவர்கள் வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும். ஷிகேயை நான் திட்டமாட்டேன். நகரத்துக்குப் போய்க் கடை போட்டவர்கள் எதையெதை மறைக்கவேண்டியிருக்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஆனால் யார் யாரைக் கூச்சத்தோடு பார்க்கிறார்கள் என்பதும் பிரதிநிதித்துவம்தானே? உன் தாளில் அதற்கு இடம் இல்லை.

பெண்களுக்குக் கொடுத்த 8 பற்றி ஒன்றே ஒன்று. விதவை மருமகள் நொரிகோவைத் தியாகச் சிலையாக்கி மதிப்பெண் கூட்டியிருக்கிறாய். தான் அப்படியொன்றும் நல்லவள் இல்லை என்று மாமனாரிடம் அவளே அழுதுகொண்டு சொல்கிறாளே, அது காதில் விழவில்லையா?

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. கடைசிக் காட்சியை எழுத்தை அணைத்துவிட்டுப் போடுகிறேன். ஜன்னலோரம் பக்கத்து வீட்டுப் பெண் நின்று பேசுவாள், கிழவர் விசிறியோடு உட்கார்ந்திருப்பார். அந்த ஊர்ப் பேச்சை மட்டும் கேள்.

அன்புடன்,
சித்தப்பா