செயலாளர் ஆண்டறிக்கை – 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அன்பான அங்கத்தவர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி இவ்வாண்டை டிட்ரோயிட் ஆற்றுக்கென ஒதுக்கினோம். சென் கிளேயர் ஏரியிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 45 கிலோமீற்றர் ஓடி ஈரி ஏரியில் சேரும் இந்த ஆற்றின் வழியேதான் கனடா–அமெரிக்க எல்லை செல்கிறது. ஆற்றின் கனடாக் கரையிலுள்ள வின்சரில் நம் வீட்டுக் குழாய்களில் வருவதும் இதன் தண்ணீரே. பின்னேரங்களில் கரையில் உலாவுவதோடு நம் கடமை முடிந்துவிடாது.

மே மாதத்தில் கரையைத் துப்புரவாக்கினோம். பெரியவர்கள் போத்தல்களைப் பொறுக்க, பிள்ளைகள் கற்களின் இடுக்கில் சிக்கிய தங்கூசியை, அதாவது தூண்டில் நைலோன் நூலை, இழுத்தெடுப்பதிலேயே நின்றார்கள். ஒரு சிக்கலுக்குள் தூண்டில் முள்ளும் ஈயக்குண்டும் பறவையின் இறகும் சேர்ந்தே கிடந்தன. அதைக் கண்டபின், மீன்பிடிக்கும் நம் அங்கத்தவர்கள் அறுந்த தங்கூசியை வீட்டுக்கே கொண்டுவருவதாக வாக்களித்தார்கள். ஆண்டின் பெரும் பயன் இதுதான் என்பேன்.

யூன் கூட்டத்தில் இந்த ஆற்றில் வாழும் ஸ்டேர்ஜன் என்னும் பெரிய மீனைப் பற்றிப் பேசினோம். கப்பல்களுக்காக ஆற்றை ஆழப்படுத்தியபோது அவை முட்டையிடும் கற்படுகைகள் அழிந்தன. ஆலைக் கழிவும் சேர்ந்துகொண்டது. 1987இல் இரு நாடுகளும் இந்த ஆற்றைச் சீர்செய்யவேண்டிய நீர்நிலையாக அறிவித்தன. 2008இல் ஆற்றிலுள்ள ஃபைற்றிங் தீவருகே புதிதாகக் கல் பரப்பினார்கள். அடுத்த வசந்தத்திலேயே ஸ்டேர்ஜன் அங்கே முட்டையிட்டது. செய்தால் பலன் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவ்வாண்டு யூனிலேயே, வின்சரையும் டிட்ரோயிட்டையும் இணைக்கும் கோர்டி ஹோ பாலத்தின் இரு பக்கத் தளங்களும் ஆற்றின் நடுவே இணைந்தன. 853 மீற்றர் நீள நடுப்பகுதியில் ஒரு தூண்கூட தண்ணீருக்குள் இல்லை.

ஓகஸ்டில், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்களின் நினைவாக வின்சர் கரையில் நிற்கும் சுதந்திரக் கோபுரச் சிலைகளைப் பார்க்கச் சென்றோம். பிரித்தானியப் பேரரசின் பெரும்பகுதியில் அடிமை முறை 1834இல் ஒழிந்தது. அதன்பின்னும் அமெரிக்காவில் அடிமைகளாய் இருந்தவர்கள் இந்த ஆற்றைக் கடந்து இக்கரையில் விடுதலை தேடினார்கள். எதிரே டிட்ரோயிட் கரையிலுள்ள இணைச் சிலைகள் இந்தப் பக்கத்தையே நோக்கி நிற்கின்றன. படகேறி ஊரைவிட்டு வந்த நம் மூத்தவர்கள் சிலர் அங்கிருந்து நகர வெகுநேரம் எடுத்தது. அவர்கள் சொன்னவற்றைப் பிள்ளைகள் ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள். சங்கம் அதைப் பாதுகாக்க வேண்டும்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். அடுத்த துப்புரவுக்கு நீளமான கையுறைகளும் கத்தரிக்கோல்களும் தேவை. தரக்கூடியவர்கள் இன்றே பெயரைப் பதிந்துவிடுங்கள்.

நன்றி.
செயலாளர்