குழி என்று கத்தியிருக்க வேண்டும்

மாப்ளே,

நீ ஆவணியில் எழுதிய கடிதத்துக்குத் தையில் பதில் போடுகிறேன். திட்டுவதாக இருந்தால் இங்கேயே திட்டி முடித்துவிடு, கீழே நிறைய இருக்கிறது. வீட்டில் எல்லாரும் சுகம். உன் தங்கச்சிக்குப் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது, நான் வாயைத் திறக்காத வரைக்கும். அம்மா ஆபரேஷன் முடிந்து வாசல் வரை நடக்கிறார்கள் என்று டப்பா சொன்னான். அவன் சொன்னதில் பாதியைக் கழித்தாலும் சந்தோஷம்தான்.

சைக்கிள் வாங்கியதை உன்னிடம் சொல்லவில்லை. ஜூனில் வாங்கினேன். விலை 68,000 ரூபாய். உட்கார்ந்து கொண்டாயா? பெல் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, கேரியர், மட்கார்டு எதுவும் கிடையாது. இத்தனை இல்லாமல் இருப்பதற்குத்தான் இந்த விலை. டயர் 28 மில்லிமீட்டர், என் இரண்டு விரலை ஒட்டி வைத்தால் அதை விட அகலம். செருப்புக் காலோடு மிதிக்க முடியாது, ஷூவின் அடியில் ஒரு கட்டை இருக்கும், பெடலில் அது 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். கழற்றக் குதிகாலை வெளியே திருப்ப வேண்டும். முதல் நாள் திருவான்மியூர் சிக்னலில் அது மறந்து போய், நின்ற இடத்திலேயே வெட்டின வாழை மாதிரி சாய்ந்தேன். ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து தூக்கிவிட்டு, "சார், வயசு என்ன?" என்று கேட்டார். 53 என்று உன் உடைந்த பல் மேல் சத்தியமாக உண்மையைச் சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஏரியாவில் ஒரு சைக்கிள் க்ளப் இருக்கிறது. முப்பது பேர் இருப்போம், ஐ.டி. பையன்கள், இரண்டு டாக்டர்கள், ஒரு ஜவுளிக்கடைக்காரர், என்னைப் போல இரண்டு தொப்பைகள். வழக்கமாக வாரம் மூன்று நாள் போவார்கள். இந்த முறை பொங்கல் லீவு சேர்ந்து வந்ததால் வாரம் முழுக்க ஓட்டலாம் என்று குரூப்பில் போட்டார்கள். நானும் ஆபீஸில் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டேன். எதற்கு என்று கேட்டதற்கு "ஊருக்கு" என்றேன்.

திங்கட்கிழமை விடிகாலை 4.45. ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் ரோட்டில் கேளம்பாக்கம் வரை போய், அங்கிருந்து கோவளத்துக்குக் குறுக்கே வெட்டி, ஈசிஆர் என்கிற கடற்கரை ரோடு வழியாகத் திரும்பினோம். கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். தனியாக ஓட்டும்போது மணிக்கு 22 கிலோமீட்டரைத் தாண்டினாலே எனக்கு நாக்குத் தள்ளும். கூட்டத்தில் 30-ல் போகிறேன், பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டே! என்ன மாயம் என்றால், காற்று. வேகம் கூடக்கூட நாம் மிதிப்பதில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்க வேண்டிய சக்தி எட்டு மடங்கு. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் அவர் அதைக் கிழித்துக் கொடுத்துவிடுவார், உனக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். ஆனால் ஒட்டிக்கொள்வது என்றால் நிஜமாகவே ஒட்டிக்கொள்வது. அவருடைய பின் சக்கரத்துக்கும் உன் முன் சக்கரத்துக்கும் நடுவே அரை மீட்டர். தள்ளிப் போனால் காற்று உள்ளே வந்துவிடும்.

இப்போது யோசித்துப் பார். அரை மீட்டரில் போனால் உனக்கு ரோடு எங்கே தெரியும்? முன்னால் இருப்பவரின் இடுப்பும் பின் சக்கரமும்தான் தெரியும். அதனால் முன்னால் போகிறவர்தான் உன் கண். குழி வந்தால் அது இருக்கும் பக்கத்துக் கையைக் கீழே நீட்டி "குழி!" என்று கத்துவார். மணல் என்றால் "மண்ணு!". பின்னாலிருந்து பஸ் வந்தால் கடைசி ஆள் "பஸ்!" என்று கத்த, அது முன்னால் வரைக்கும் ஆள் ஆளாகப் போகும். தூரத்திலிருந்து கேட்டால் வேலாயுதம் சார் கிளாஸில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். எனக்கு இது ரொம்பப் பிடித்துப் போனது மாப்ளே. இத்தனை வருஷம் ஆபீஸில் கூட்டம் போட்டு 'டீம் டீம்' என்கிறார்களே, அது என்னவென்று ஓஎம்ஆரில் இருட்டில்தான் புரிந்தது.

செவ்வாயும் அதே ரூட்தான், சொல்ல ஒன்றுமில்லை. புதன்கிழமை போகி. மெட்ராஸ் போகியை நீ பார்த்ததில்லை. பாயும் துடைப்பமும் எரித்தால் பரவாயில்லை, டயரை எரிக்கிறார்கள். நீலாங்கரை தாண்டுவதற்குள் முன்னால் போகிறவரின் சிவப்பு லைட்டே மங்கிவிட்டது. தெருவுக்குத் தெரு சின்னப் பசங்க மேளம் அடிக்கிறார்கள், நாங்கள் இருமிக்கொண்டே போகிறோம். அக்கரையில் திரும்பிவிட்டோம். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் அடுப்புக்கரி. வியாழன் பொங்கல், "சைக்கிளைத் தொட்டால் அதுக்கும் சேர்த்துப் பொங்கல் வைப்பேன்" என்று உன் தங்கச்சி சொல்லிவிட்டாள். கரும்பு கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமைதான் மாட்டுப்பொங்கல். அன்றைக்குத்தான் மாமல்லபுரம் போனோம்.

போகும்போது பறந்தோம். இந்த மாதத்தில் இங்கே வடகிழக்கிலிருந்து காற்று, தெற்கே போகிறவனை முதுகில் கை வைத்துத் தள்ளும். முட்டுக்காடு பாலத்தில் 37 காட்டியது மீட்டர். வழியெல்லாம் கொம்புக்குப் பெயின்ட் அடித்த மாடுகள், ஒன்று டிவைடரில் நின்று எங்களை அலட்சியமாகப் பார்த்தது. மாமல்லபுரத்தில் இட்லியும் காபியும் சாப்பிட்டுக் கிளம்பும்போது, டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த மீனவப் பெரியவர் ஒருவர், "வாடை இறுகுது, திரும்பறப்ப தெரியும் உங்களுக்கு" என்றார். நாம் பாட்டிலும் பாடத்திலும் படித்த வாடைக்காற்று, மாப்ளே. அதை எதிரில் வைத்து 40 கிலோமீட்டர் மிதித்தால் அதன் அருமை விளங்கும்.

என் பின்னால் அண்ணாச்சி. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக்காரர், பேங்கில் ரிட்டயர் ஆனவர், 63 வயது. எங்களில் ரொம்ப தூரம் ஓட்டியவர் அவர்தான். பிஆர்எம் என்று நீண்ட தூர சைக்கிள் ஓட்டம் ஒன்று இருக்கிறது, போட்டி இல்லை, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்தில், 300-ஐ 20 மணியில், 400-ஐ 27-ல், 600-ஐ 40 மணியில். நான்கையும் ஒரே சீசனில் முடித்தவர் அவர். அவருடைய கனவு பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ், பிரான்ஸில் நடக்கிற இதே மாதிரி ஓட்டம். 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். 1891-ல் ஆரம்பித்தது, இப்போது நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது, அடுத்தது 2027-ல். அதற்கு முந்தைய வருஷம் எவ்வளவு நீளமான பிஆர்எம்மை முடித்திருக்கிறோமோ, அவ்வளவு சீக்கிரம் பெயர் பதியலாம். அதனால் இந்த வருஷத்தை அவர் ஒரு நாளும் வீணாக்காமல் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பிப்ரவரியில் ஒரு 300 இருந்தது.

ஒவ்வொருவராக முன்னால் போய்க் காற்றை வாங்கிவிட்டுப் பின்னால் வர வேண்டும். திருவிடந்தை தாண்டியதும் என் முறை. இந்த வாரத்தில் முதல் தடவையாக முன்னால். "ரெண்டு நிமிஷம் போதும்வே, போயிட்டு வாரும்" என்றார் அண்ணாச்சி. எனக்கு ரெண்டு நிமிஷம் போதவில்லை. மீட்டரில் 30 காட்டுகிறது, அதை விடக்கூடாது. ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது. பின்னால் பத்துப் பதினைந்து பேர், எல்லாரும் என் முதுகை நம்பி வருகிறார்கள் என்கிற நினைப்பே போதை ஏற்றியது.

காற்று கடல் பக்கத்திலிருந்து, அதாவது வலது முன்பக்கத்திலிருந்து வந்தது. அந்த மாதிரிக் காற்றில் நேர் பின்னால் நிழல் கிடைக்காது, கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நிற்க வேண்டும். அனுபவஸ்தர் என்பதால் அண்ணாச்சி சரியாக அங்கேதான் நின்றார்.

குழி இடது பக்கம் இருந்தது.

நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். தோசைக்கல் அகலம், மழையில் ஓரம் பிய்ந்து உள்ளே சல்லி தெரிந்தது. கையை விட்டால் சைக்கிள் ஆடிவிடும் என்று பயம். கத்தியிருக்கலாம், ஆனால் வாயைத் திறந்தால் சத்தத்துக்குப் பதில் இரைப்புத்தான் வந்திருக்கும். இவனுக்கு மூச்சு முட்டுகிறது என்று பின்னால் தெரிந்துவிடும். இதை உட்கார்ந்து யோசித்து முடிவு செய்ததாக நினைக்காதே. ஆனால் அது மனதில் ஓடியது, பொய் சொல்ல மாட்டேன். வலது பக்கம் லேசாக ஒடித்துத் தாண்டிவிட்டேன்.

30 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல். என் முன் சக்கரத்திலிருந்து அவருடைய முன் சக்கரத்துக்கு இரண்டு மீட்டர் சொச்சம். கால் நொடி. பின்னால் முதலில் ஒரு உலோகச் சத்தம், அப்புறம் யாரோ ஒரு மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி. அவருக்குப் பின்னால் வந்த பையன் எப்படியோ மண்ணில் இறங்கித் தப்பித்தான்.

ஹெல்மெட் ஓரம் தேய்ந்திருந்தது, தலைக்கு ஒன்றுமில்லை. டாக்டர் பெண் ஒருத்தி கூட வந்திருந்தாள், தோளைத் தொட்டதும் "காலர் போன்" என்றாள், காறை எலும்பு உடைந்திருந்தது. அவர் முனகவில்லை. மணலில் உட்கார்ந்து முன் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது பப்படம் மாதிரி வளைந்திருந்தது. நான் ஓடிப் போய் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "பார்க்கலை அண்ணாச்சி, குழியைப் பார்க்கவே இல்லை." யாரும் கேட்கவில்லை மாப்ளே. யாருமே கேட்பதற்கு முன்னால் சொன்னேன்.

அவரும் "எதுக்கால காத்து, எப்படித் தெரியும்" என்றார். எல்லாரும் தோளில் தட்டினார்கள். மாலையில் குரூப்பில் ஒருவர் எழுதினார்: முன்னால் போகிறவர் மீது பழி போடக்கூடாது, ரோடு அப்படி. கீழே இருபது கைகூப்பு. அதைப் படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காணும் பொங்கல், ஈசிஆர் பக்கம் தலை வைக்க முடியாது என்று க்ளப்பில் லீவு. அவர் வீட்டுக்குப் போனேன். கையைத் தொட்டில் கட்டி உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் வேண்டாமாம், தானாகச் சேர எட்டு வாரம் வரை ஆகலாம். பிப்ரவரி 300 போயிற்று. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆச்சி அல்வா கொண்டுவந்து வைத்தார்கள், முழுங்க முடியவில்லை. சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை தொண்டை வரை வந்தது. மூன்றாவது தடவை அவர், "எய்யா, அந்த வீலை மட்டும் கோட்டம் எடுத்துக் குடுத்திரும்" என்றார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இன்றைக்கு ஞாயிறு. க்ளப் போயிருக்கிறது, நான் போகவில்லை. சைக்கிள் கடையில் சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றவிட்டு, ஒவ்வொரு கம்பியாக முறுக்கியும் தளர்த்தியும் அந்தப் பையன் இரண்டு மணி நேரம் போராடினான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில், "சார், ரிம் செத்துடுச்சு, ஓட்டலாம், ஆனா நம்ப முடியாது" என்றான். புது ரிம்முக்குச் சொல்லிவிட்டேன், புதன்கிழமை வரும். புதன்கிழமை எடுத்துக்கொண்டு போகும்போது அவரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இனி அவர் முன்னாலும் பின்னாலும் என்னால் ஓட்ட முடியாது. எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. உன்னிடம் ஒத்திகை பார்க்கிறேன் என்று வைத்துக்கொள்.

அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். தெப்பக்குளத்தில் அந்த வாடகை சைக்கிள், நீ கேரியரில், நான் கையை விட்டு ஓட்டிக் காட்டினேனே. அந்தக் கல்லை நான் பார்த்தேன்டா. நாற்பது வருஷமாக நீ அந்தப் பல்லைக் காட்டி "இவன் கண்ணு போயி என் பல்லு போச்சு" என்று கல்யாண வீடு கல்யாண வீடாகச் சொல்லிச் சிரிக்க வைக்கிறாய், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். என் கண் அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. உங்கப்பா சைக்கிள் கடைக்காரருக்குக் கொடுத்த 11 ரூபாயும் என் கணக்கில்தான் வர வேண்டும்.

தைப்பூசத் தெப்பத்துக்கு வருகிறேன். பஸ்ஸில்தான், பயப்படாதே. அம்மாவுக்கு முழங்காலுக்குப் பூசும் தைலம் ஏதாவது வேண்டுமென்றால் தங்கச்சியிடம் கேட்டு எழுது. வசவு பாக்கி இருந்தால் நேரில் வைத்துக்கொள்ளலாம், டப்பா இல்லாத நேரமாகப் பார்த்து.

உன்,
ஒட்டடைக்குச்சி