சேகர ஊழியர் ஐக்கியம்: ஆண்டறிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான தலைவர் ஐயா அவர்களுக்கும், குருமார், உபதேசியார்கள், கமிட்டி அங்கத்தினர்கள், பெண்கள் ஐக்கியத்தார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

இவ்வாண்டு மாதக் கூட்டங்களில் ஒரே பொருளைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டோம். ஊழியத்தில் "இதுவா, அதுவா" என்று வந்து நிற்கும் வழக்குகளை எப்படி நடத்துவது? சபையாரைச் சந்தித்து நலம் விசாரிப்பதா (இதையே விசாரணை என்கிறோம்), வெளியே போய்ச் சுவிசேஷம் சொல்வதா? கீர்த்தனையா, புதுப் பாட்டா? குருவின் கீழ் சபையை நடத்தும் உபதேசியாரை ஒரே சபையில் நெடுநாள் வைப்பதா, மாற்றுவதா? திருநெல்வேலிச் சீமையில் இந்த வழக்குகள் இல்லாத சேகரம், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுப்பு, அரிது.

முதல் வேலை, வழக்கு எந்த வகை என்று பிரித்தறிவது. இரண்டு கேள்விகள் போதும். ஒருமுறை தீர்மானித்தால் அதோடு முடியுமா? ஒன்றை விட்டுவிட்டு மற்றது மட்டும் நெடுநாள் நிற்குமா? கோயிலுக்கு ஓடு வேய்வதா, கான்கிரீட் போடுவதா என்பது முதல் கேள்வியிலேயே முடிந்துவிடும். மதிப்பீடு வாங்கி, கை தூக்கச் சொல்லித் தீர்மானிக்கலாம். விசாரணையும் சுவிசேஷமும் அப்படி முடிவதில்லை. வாக்கெடுத்தால் தோற்றவர்கள் அடுத்த கமிட்டியில் ஜெயித்து வந்து எல்லாவற்றையும் திருப்பிப் போடுவார்கள். அதில் களைத்துப்போகிறவர் உபதேசியார்தான். இத்தகைய வழக்கை "ஜோடி" என்று பெயரிட்டு, தீர்ப்பு சொல்லாமல் தொடர்ந்து பராமரிக்கவேண்டும்.

ஜோடி என்று தெரிந்தபின் ஒரு பெரிய சார்ட் தாளில் சிலுவைக்கோடு போட்டு நான்கு கட்டமாக்குங்கள். மேலே இரண்டிலும் இரு பக்கத்தின் நன்மைகள். கீழே இரண்டிலும், அந்தப் பக்கத்தை மட்டுமே பிடித்துக்கொண்டால் வரும் கேடுகள். பக்கங்களுக்கு இடும் பெயர் இரண்டுமே கௌரவமாக இருக்கவேண்டும். "பழமைவாதம், வளர்ச்சி" என்று எழுதினால் முதல் பெயருக்கு உரியவர்கள் கூட்டத்தை விட்டு எழுந்து போவார்கள். "மரபு, புதுமை" என்று எழுதினால் உட்கார்ந்து பேசுவார்கள். நிரப்பும் வரிசையும் முக்கியம். கேடுகளில் தொடங்கினால் பழைய சண்டை திரும்பும். நன்மைகளை முதலில் எழுதவேண்டும். அதிலும் சுவிசேஷத்தில் வாஞ்சையுள்ளவர்கள் விசாரணையின் நன்மைகளையும், விசாரணையில் வாஞ்சையுள்ளவர்கள் சுவிசேஷத்தின் நன்மைகளையும் எழுதவேண்டும். இந்த ஒரு மாற்றம்தான் பேச்சின் குரலையே இறக்குகிறது என்பது எங்கள் உறுதியான கருத்து.

அதன்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு எச்சரிக்கை அடையாளங்கள் போதும். "ஆவிக்குரிய சோர்வு" என்று எழுதினால் அதை யாரும் அளக்க முடியாது. வியாதியஸ்தர் வீட்டுக்கு 2 வாரம் கடந்தும் ஒருவரும் போகவில்லை என்பது விசாரணை தளர்ந்ததன் அடையாளம். கன்வென்ஷன் என்னும் சுவிசேஷப் பெருங்கூட்டத்தில் பெயர் கொடுத்தவர்களை ஒரு மாதம் ஆகியும் யாரும் சந்திக்கவில்லை என்பது சுவிசேஷம் தளர்ந்ததன் அடையாளம். இரண்டையும் சந்திப்பு நோட்டிலேயே பார்த்துவிடலாம். பார்ப்பதற்கு ஓர் ஆளை நியமியுங்கள். எல்லாருக்கும் பொறுப்பு என்று விட்டால் நோட்டை யாரும் திறப்பதில்லை. 3 மாதத்துக்கு ஒருமுறை கமிட்டியின் முதல் பொருளாக இதை வையுங்கள்; வரவு செலவு முடிந்தபின் வைத்தால் நேரம் இராது.

அதிகம் தவறுகிற இடம் ஒன்று உண்டு. இரண்டும் வேண்டும் என்றவுடன் பணத்தையும் நாட்களையும் பாதிப்பாதியாக வெட்டுவது. தாமிரபரணிப் பாசனத்தில் வயலைப் பாதியாக வகுத்துக் கார், பிசானம் என்னும் இரு பருவ நெல்லையும் போடுவதில்லை. முழு வயலிலும் பருவத்துக்கு ஒன்று விளைகிறது. அதேபோல் லெந்து என்னும் தவக்கால நாட்களில் விசாரணை முன்நிற்கட்டும். கன்வென்ஷன் முடிந்த வாரங்களில் வெளி ஊழியம் முன்நிற்கட்டும். சாய்வதில் தவறில்லை, திரும்பும் நாளைக் குறிக்காமல் சாய்வதுதான் ஆபத்து.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். எல்லாம் ஜோடி ஆகிவிடாது. காணிக்கைக் கணக்கில் மறைவு, சிறுபிள்ளைகளின் பாதுகாப்பு, ஊழியரின் ஒழுக்கக்கேடு ஆகியவற்றில் இரண்டு பக்கம் கிடையாது. அங்கே சமநிலை பேசுவது குற்றத்துக்குத் துணைபோவதாகும். உடனே உண்மையை ஆராய்ந்து தீர்க்கவேண்டும்.

வேதபாடத்துக்கு அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை எடுத்தோம். பந்திவிசாரணையா (உணவு பகிரும் பணியா), வசனமா (பிரசங்கமா) என்ற நெருக்கடியில் அப்போஸ்தலர் ஒன்றையும் கைவிடவில்லை. 7 பேரை ஏற்படுத்தினார்கள். பந்திக்கென்று தெரிந்தெடுக்கப்பட்ட பிலிப்பு 8-ஆம் அதிகாரத்தில் சமாரியாவில் பிரசங்கிக்கிறார். வேலையைப் பிரித்துக் கொடுத்தாலும் அழைப்பை வேலி போட்டு அடைக்கலாகாது என்று அதிலிருந்து கற்றோம்.

நம் முன்னோருக்கும் இது தெரிந்திருந்தது. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் ஊர் ஊராகப் பிரசங்கித்தார். துன்புறுத்தப்பட்ட விசுவாசிகளுக்கு நிலம் வாங்கிக் குடியேற்ற 1830-ல் தர்ம சங்கத்தையும் ஏற்படுத்தினார். 1903-ல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபின், இங்குள்ள சபைகளைப் பராமரித்துக்கொண்டேதான் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அந்தச் சங்கம் உருவாக உழைத்த வெள்ளாளன்விளை அசரியா 1912-ல் தோர்ணக்கல் அத்தியட்சர், அதாவது பேராயர், ஆனார்.

வரும் ஆண்டில் உபதேசியார் இடமாற்றத்தை இதே முறையில் எடுத்துக்கொள்ள நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. அந்தத் தாளை நிரப்பும்போது உபதேசியார்களும் அவர்கள் மனைவிமாரும் கட்டாயம் உடனிருக்கவேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றிப் பேச அவர்களைவிட அறிந்தவர் இல்லை. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையை அங்கீகரிக்கும்படி பொதுக்குழுவைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்